கரி பிடித்த பிளக்

ஸ்ரீமதிக்குக் கருமாதி முடிந்த இரண்டாம் நாள், பழனிவேல் தன் பழைய சிவப்புக் காரைக் கரும்புகை கக்கக் கக்க ஓட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் அன்வரின் பட்டறைக்கு வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவரும் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகியவர்கள்.

"அன்னிக்கி இது ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லு மச்சான்," என்றான்.

நெஞ்சுவலி என்று துடித்த மனைவி ஸ்ரீமதியை ஏற்றிக்கொண்டு குடிகாட்டிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போன நாளைத்தான் சொன்னான். அவளுக்கு வைத்தியம் நடந்ததெல்லாம் அங்கேதான். பி.முட்லூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மறுநாள் காலையில் அதே வண்டி ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியதுதான் வயிற்றெரிச்சல்.

"பதட்டத்துல ஆக்சிலேட்டர அமுக்கி அமுக்கி நான்தான் எஞ்சின அடைச்சிட்டேன். நான்தான் அவள கொன்னுட்டேன்."

"சும்மா இரு. போய் டீ குடிச்சிட்டு வா," என்று அன்வர் அவனை அனுப்பினான். ஆறுதல் சொல்ல வராத மனுஷன், ஸ்பேனரைத்தான் எடுக்கத் தெரியும்.

பிளக்குகளைக் கழற்றினான். மூன்றிலும் அடுப்புக்கரி. பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. ஏர் ஃபில்டர் சுத்தம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கசிவில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டி, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரைச் சொருகினான். ரேடியேட்டரைத் தொட்டால் கை வெந்துவிடும். ஸ்கேனரோ எஞ்சின் சூடு இருபத்திரண்டு டிகிரி என்றது. வெப்பம் அறியும் சென்சாரின் ஒயரைத் தேடிப் பிடித்தான். ஒயர் சென்சாரில் சேராமல் தனியே தொங்கியது, அதன் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மூன்று சுற்று, நுனியில் ஒரு மடிப்பு. ஊரில் அப்படிச் சுற்றுகிறவன் அன்வர் ஒருத்தன்தான்.

டேப்புக்குள் ரெசிஸ்டர் என்கிற குட்டி மின்தடை ஒன்று இருந்தது. போன ஐப்பசி மழையில் சென்சார் பழுதாகி, காலை நேரம் வண்டி கிளம்பாமல் படுத்தியது. புது சென்சார் பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டும். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாயிற்றே, ரெண்டு நாளைக்கு ஓடட்டும் என்று அவன்தான் இதை வைத்தான். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது என்று வண்டியை ஏமாற்றுகிற வேலை. காலையில் ஜோராகக் கிளம்பும். சூடேறிய பிறகும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்; பிளக் நனைந்து வழியில் நிற்கும், ஆறினால் கிளம்பிவிடும். சென்சாரும் வந்தது. அவசரம் என்று நின்ற வேறொருவர் வண்டிக்கு அதை மாட்டிவிட்டு, அத்தோடு மறந்தே போனான். "பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது மச்சான்" என்று நடுவில் பழனிவேல் போன் செய்தபோதுகூட, "ஏசி போடாத" என்று சொல்லி வைத்தவன்தான் இவன்.

அன்வர் ரெசிஸ்டரைப் பிய்த்தெடுத்தான். இதைச் சாக்கடையில் வீசிவிட்டு, சென்சார் போச்சு என்று சொன்னால் எவனுக்குத் தெரியும்? ஆனால் பழனிவேல் சாகும்வரை தன்னையே கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டு திரிவான். பிறகு வாங்கிக் கடையில் வைத்திருந்த புது சென்சாரை மாட்டினான். புகை நின்றது. பழனிவேல் திரும்பி வந்ததும் ரெசிஸ்டரை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"இத வச்சது நான். எடுக்க மறந்துட்டேன். அதுனாலதான் நின்னுச்சு. உம்மேல ஒரு தப்பும் இல்ல மச்சான்."

பழனிவேல் அதை விரலால் புரட்டினான்.

"அப்ப, அங்கயே கெளப்பியிருக்க முடியுமா?"

"விஷயம் தெரிஞ்சவன் சொல்லியிருந்தா... இந்த ஒயர புடுங்கிட்டாப் போதும், பெட்ரோல் கொட்றது நின்னுரும்."

பழனிவேலின் முகம் கோணியது. "அன்வரண்ணனுக்குப் போன் போடுங்கன்னு அவ சொன்னா. வெள்ளிக்கெழம, ஜும்மா நேரம், நீ எடுக்க மாட்டன்னு நான்தான் போடல." அன்வரின் சட்டையைப் பிடித்தான். "நீ எடுத்திருக்க மாட்டதான? பள்ளிவாசல்லதான இருந்த?"

அன்று ஒரு லாரிக்காரனின் அவசரத்துக்காக அன்வர் தொழுகைக்கே போகவில்லை. இதே பட்டறையில், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"ஆமா மச்சான்," என்றான். "பள்ளிவாசல்லதான் இருந்தேன்."