கோபத்தில் ஓடும் ஸ்கோப்

பீளமேட்டில் மயில்சாமியின் ரிப்பேர் பட்டறையிலுள்ள பழைய ஸ்கோப் பாதி கரண்டிலும் பாதி கோபத்திலும் ஓடுகிறது. கரண்டின் அலைகளைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் மெஷின் அது. வால்வு காலத்துச் சரக்கு. கரண்டு சுவரிலிருந்து வந்துவிடும். கோபத்தை ஆள்தான் கொடுக்க வேண்டும், முன்பக்கத்துப் பித்தளைச் சல்லடைக்கு நேராகக் குனிந்து திட்டி. கொடுத்த கோபம் திரும்பி வராது. நடித்தால் ஃப்யூஸ் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை பூங்கோதை சுவிட்சைப் போட்டாள். ஸ்கோப் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மேஜையில் பிரசவ ஆஸ்பத்திரியின் சர்க்யூட் போர்டு கிடந்தது, குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் பெட்டியினுடையது. அங்கே ஒரு குழந்தை இரவல் பெட்டியில் கிடக்கிறது. சாயங்காலம் அந்த இரவல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பட்டறையில் புது ஸ்கோப்பும் ஒன்று இருந்ததுதான். மயில்சாமி அதை மருமகன் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வேலை செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. பூங்கோதையைக் கேட்டு இந்த ஊரில் யார் எதைச் செய்தார்கள்?

முறைப்படிதான் பார்த்தாள். பிளக்கில் கரண்டு வந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. மூடியைக் கழற்றி மீட்டர் வைத்தாள், டிரான்ஸ்ஃபார்மரும் சரி. ஆக, கோபம்தான் காலி.

மயில்சாமி மேல் இருந்ததைக் கொடுத்தாள். வால்வுகள் ஊதுபத்தி முனை அளவுக்குச் சிவந்து அணைந்தன. பக்கத்து லேத் பட்டறை ஆறுச்சாமி வந்து, தன் வாசலை மறித்துக் கார் நிறுத்துகிற எதிர்வீட்டுக்காரன் மேல் இருந்ததையெல்லாம் கொட்டிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

"புதுக் கோபம் இதுக்கு ஆகாதுங்க," என்றார் ஆறுச்சாமி. "ஊறுன கோபம் வேணும். உங்ககிட்ட இருக்குமே."

இருந்தது. அம்மாவின் காரியம் முடிந்த கையோடு அம்மா வீட்டுக்குப் பூட்டு மாற்றினானே தம்பி கதிர்வேல், அன்றைக்குப் பிடித்த கோபம். படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு வருஷக்கணக்காக அள்ளிக் கொட்டியவள் இவள். பொங்கலுக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவன் அவன். இன்று மதியம் விடுதலைப் பத்திரத்தோடு வருகிறான். வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று இவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த ஒரு மதியத்துக்காகத்தான் அந்தக் கோபத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவன் "அக்கா" என்று ஒரு இழுப்பு இழுப்பான், இவள் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

போர்டைப் பார்த்தாள். அந்தக் குழந்தையையும் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை. பூங்கோதை சல்லடைக்கு நேராகக் குனிந்தாள்.

"ஏண்டா, அம்மா தண்ணி தண்ணின்னு கேட்டப்ப எங்கடா போயிருந்த? கண்ண மூடுனதும் பூட்டத் தூக்கிட்டு ஓடி வந்தியே. சீர் செஞ்சு அனுப்பிட்டியாம், சீர். அந்தக் கிரைண்டருக்கு மூடி கூட இல்லைடா. அந்த வீட்டுச் சுவத்துக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சவடா நான். நான் உள்ள போக உங்கிட்டச் சாவி கேக்கணுமா?"

வால்வுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பட்டறை அடுப்படி போலக் காந்தியது. பச்சைக் கோடு எழுந்து நின்றது. அவள் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றினாள். ஆஸ்பத்திரி ஆள் வந்து போர்டை வாங்கிப் போனான். ஸ்கோப்பை அணைத்தபோது அவளுக்குள்ளே துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

மதியம் கதிர்வேல் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். "அக்கா," என்றான்.

பூங்கோதை கோபத்தைத் தேடினாள். துளி இல்லை. போர்டு கிடந்த இடத்தில் பத்திரத்தை விரித்து, அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனாள். பேனா எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கினாள், எழுதியது. பட்டறைப் பேனாவை எடுத்தாள். அதுவும் உள்ளங்கையில் எழுதியது, பத்திரத்தில் எழுதவில்லை. பேனாவில் கோளாறு இல்லை. பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வெட்கத்துல ஓடுற பத்திரம், கதிரு. எழுதி வாங்குறவங்கதான் அந்த வெட்கத்தப் போடணும்," என்றாள். "உங்கிட்ட வெட்கம் இருக்கா?"

ஸ்பேர் ஃப்யூஸ் இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கதிர்வேல் சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையில் கைவிட்டான். வெளியே போய் வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"முந்தி இருந்துச்சுக்கா. அம்மா வீட்லதான் கிடக்கும்."

"சாவி உங்கிட்டத்தான இருக்கு. போய்த் தேடு."

அவன் போனான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். மூடுகிற நேரத்தில் போன் வந்தது.

"பரண் மேல கூடப் பாத்துட்டேன்க்கா. பழைய பூட்டோட சேத்து எடைக்குப் போட்டுட்டேன் போல."

"அப்ப இரும்புக் கடையில போய்க் கேளு," என்றாள் பூங்கோதை. "சீக்கிரம் போ. உருக்கிறதுக்கு லோடு ஏத்திருவாங்க."