ஐந்தாவது அங்கத்தினர்

"கையெழுத்தப் போடுட்டி. தலைவர் வீட்டு ஆளு வெளிய நிக்கான்."

கணவர் ராஜையன் நீட்டிய தாளைச் செல்லபாய் வாங்கவில்லை. மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

சிறு வியாபாரிகளுக்கு உதவ நகரசபை ஒரு குழு அமைத்திருந்தது. நாலு அங்கத்தினரைத் தலைவர் நியமிப்பார். ஐந்தாவது ஆளைச் சந்தையில் விற்கும் பெண்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கலாம் என்று தீர்மானம். அவர்கள் முறம் விற்கும் தேவகனியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"தேவகனி பேரையில்லா சொன்னாவ?"

"அவ சாதிக்காரிகூட சமமா நாற்காலியில இருக்க மாட்டோம்னு மத்த நாலு பேரும் சொல்லுதாவ. அதான் ஒன் பேரப் போட்டு, நீ முட்டை விக்கியன்னு எழுதியாச்சு."

"நான் எப்போ முட்டை வித்தேன்?"

"கோழி வளக்கியா இல்லியா? தலைவர் சொன்னதத் தட்டினா எனக்கு நகரசபையில மூஞ்சி இருக்குமா?"

செல்லபாய் கையெழுத்துப் போட்டாள்.

முதல் கூட்டத்துக்குத் தேவகனி ஒரு மனுவோடு வந்தாள். சேவகன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே செல்லபாயைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்களாம்மா? நல்லதாப் போச்சு. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதான் வேண்டாம்னாவ. மழையில நனைஞ்சு சாவுதோம், ஒரு கூரைக்குச் சொல்லுங்கம்மா."

ஐந்து அங்கத்தினரில் இருவர் கைநாட்டுக்காரர்கள் என்பது செல்லபாய்க்குத் தெரியும். உடம்பெல்லாம் கூசியது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்; பிறகு ராஜையன் எவ்வளவு கத்தியும் கூட்டத்துக்குப் போகவில்லை. 'உடல்நலக் குறைவால் விலகினார்' என்று குறிப்பேட்டில் எழுதி, தலைவரின் மைத்துனியை அந்த இடத்தில் நியமித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் தேவகனி முற்றத்தில் வந்து நின்றாள்.

"சொகமில்லன்னு கேட்டேன், மனசு கேக்கலம்மா."

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல தேவகனி. எழுத்துத் தெரியாதுன்னு சொன்னது பொய். ஒஞ்சாதியப் பாத்துத்தான் ஒன்ன வெட்டினாவ. தெரிஞ்சேதான் நானும் கையெழுத்துப் போட்டேன்."

தேவகனி அழவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? என்னத் தேர்ந்தெடுத்த பொம்பளைகெல்லாம் சந்தையில இருக்காவ. அங்க வந்து சொல்லுவியளா?"

"ஏட்டி, உள்ள வா!" அறைக்குள்ளிருந்து ராஜையன் அதட்டினார்.

செல்லபாய் படியிறங்கினாள்.

"நட, தேவகனி."