சங்கத்தில் பேர் இருந்த மாடு

கஞ்சித்தண்ணீரைக் கரண்டியில் மொண்டு வாயருகே கொண்டுபோன அருஞ்சுனையின் மணிக்கட்டை இருளப்பசாமி எட்டிப் பிடித்தார். இரண்டு நாளாகக் கையைத் தூக்காத மனுஷன்.

“சங்கத்துக்குக் கட்டிட்டியா?”

“கட்டியாச்சு.”

“ரெண்டு மாசத்துக்குமா?”

“ரெண்டு மாசத்துக்கும்தான். வாயத் தொறங்க.”

பிடி தளர்ந்தது. வாயில் விட்ட கஞ்சி கடைவாய் வழியாக வழிந்து காதோரம் இறங்கியது. அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது கண் திறந்தபடி இருந்தது, மூச்சு இல்லை. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. அதற்கு அவள் சொன்னது பொய்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே பாரம் இழுக்கிற இருபத்து மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து வைத்தது அந்தச் சங்கம். ஒரு சோடி மாட்டுக்கு மாசம் நாலணா. எவன் மாடு செத்தாலும் புது மாடு பிடிக்கச் சங்கம் பணம் தரும். பணமும் நோட்டும் நூல்கடைச் சௌடையாச் செட்டியாரிடம் இருந்தன. வீட்டில் கன்னடமும் கடையில் தமிழும் பேசுகிற, அதிகம் பேசாத மனிதர். சங்கத்து மாடு ஒவ்வொன்றுக்கும் தொடையில் வட்டமாகச் சூடு போட்டிருக்கும். செத்தால் அந்தச் சூட்டோடு தோலைக் கொண்டுவந்து காட்டவேண்டும். மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டுச் செத்துப்போச்சு என்று எவனும் வந்து நிற்கக் கூடாது அல்லவா. இரண்டு மாசம் கட்டாவிட்டால் பேர் போய்விடும். வருஷம் ஒரு தரம் பல்லைப் பிடித்துப் பார்த்து, தேய்ந்த மாட்டின் பேரையும் அடித்துவிடுவார்கள். இந்த விதிகளை எல்லாம் உட்கார்ந்து யோசித்துச் சொன்னவரே இருளப்பசாமிதான்.

தன் வண்டி மாடுகள் செவலைக்கும் மயிலைக்குமாக அவர் பதினோரு வருஷம் கட்டினார். ஒரு மாடும் சாகவில்லை, ஒரு காசும் திரும்பவில்லை. வீரசோழன் ஊர்க்காரர் மைதீன் பிச்சையின் மாடு கிணற்றில் விழுந்து செத்தபோது சங்கத்திலிருந்து அவருக்குப் பணம் போனது. அவர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அருஞ்சுனைக்கு அதெல்லாம் ஏறவே இல்லை.

“செத்தாத்தான் காசுன்னா அது என்ன காசு? ஊரான் மாட்டுக்கு நாம அழணுமா?”

“அடி இவளே, நாலணாவக் கட்டிட்டு நான் நிம்மதியாத் தூங்குறேன்ல, அதுக்கு என்ன வெல போடுவ?” என்பார்.

தூங்கத்தான் செய்தார். யுத்தத்தால் நூலுக்குக் கண்ட்ரோல் வந்து பாரம் பாதியாகக் குறைந்தபோதும், சோளக்கஞ்சிக்கே இழுபறியான மாசத்திலும், நாலணா தவறியதில்லை. தை பிறந்து இருமல் நெஞ்சில் இறங்கிப் படுத்துவிட்டபோதுதான் காசை அவள் கையில் கொடுத்தனுப்பினார். அவள் அருப்புக்கோட்டைக்கு நடந்து, செட்டியார் கடை இருந்த தெருவைத் தாண்டி, டாக்டர் வீட்டுக்குப் போனாள். ஒரு பாட்டில் செந்நிற மருந்து வாங்கிக்கொண்டு, பச்சிலைக் கசாயம் என்று சொல்லிக் கொடுத்தாள். மறுமாசமும் அப்படியே. மாட்டுக்குச் சங்கம் வைத்த மனுஷனுக்கு மனுஷனுக்கொரு சங்கம் வைக்கத் தோன்றவில்லையே என்று வழியெல்லாம் வயிறெரிந்துகொண்டே நடந்தாள். மருந்து கேட்கவில்லை.

விடிந்ததும் ஆட்கள் கூடினார்கள். பறைக்குச் சொல்லி ஆள் போயிற்று. மாலையும் வேட்டியும் வந்தன. பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்க இருளப்பசாமியின் தம்பி சின்னச்சாமிதான். அண்ணனிடம் வண்டி ஓட்டக் கற்று, அண்ணன் சொல்லைத் தாண்டாதவன். காலையிலிருந்து பந்தக்காலுக்கும் விறகுக்கும் ஓடியாடிக்கொண்டிருந்தான்.

அருஞ்சுனையின் தோளைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பேச்சி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சி வீட்டு மாடு அடைப்பான் நோய் கண்டு செத்தது. அவள் புருஷன் அதற்கு முந்தின இரண்டு மாசம் கட்டத் தவறியிருந்தான். செட்டியார்கூட மனசு இரங்கினார், இருளப்பசாமி ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தனுக்கு வளைத்தால் சங்கம் நிற்காது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். பேச்சியின் புருஷன் வண்டியை விற்றுவிட்டு இப்போது விறகு வெட்டப் போகிறான். பேச்சி அதையெல்லாம் மறந்துவிட்டு இன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

பொழுது உச்சிக்கு ஏறும் நேரம். தலைமாட்டில் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோலச் சின்னச்சாமி குனிந்தான். அவன் வாய் அவள் காதருகே இருந்தது.

“மதினி, வார வெள்ளிக்கெழம பல்லுப் பாக்க வாராக. செவலைக்குப் பல்லு பூராம் தேஞ்சு போச்சு. பேர அடிச்சுருவாக. அண்ணன் பதினோரு வருசம் கட்டுனது மண்ணாப் போயிரும்.”

திரியை இன்னும் கொஞ்சம் தூண்டினான்.

“அதுக்கு முன்னாடி அது போயிட்டா, சங்கத்துக் காசுல மயிலைக்குப் புதுசா ஒரு சோடி வந்துரும். ரெண்டையும் பூட்டி நான் ஓட்டிக்கிருவேன். உங்களக் கஞ்சிக்கு அலைய விட மாட்டேன். ஆளு வந்து போற எடத்துல மாடு எதுக்குன்னு வடகாட்டுல கட்டிட்டு வாரேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

வடகாட்டில் சோளம் அறுத்து இருபது நாளாகிறது. அறுத்த கட்டையில் மறுபடி துளிர்த்த இளம்பயிர் மழையில்லாமல் சுருண்டு வாடிக் கிடந்தது. அதில் மாடு வாய் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வயிறு இழுத்து விழும். அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும். காலையிலிருந்து மாடுகளுக்கு ஒருவரும் சோளத்தட்டை போடவில்லை, பசித்த மாடு.

கட்டலைப்பா, பேரு போயிருச்சு, மாட்டை விடு. இவ்வளவுதான் அவள் சொல்லவேண்டியது. சொன்னால் செவலை பிழைக்கும். சொன்னால் தோளைப் பிடித்திருக்கும் பேச்சிக்குக் கேட்கும். எதிரே நாடியைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டிப் படுத்திருக்கிறவருக்கும் கேட்கும் என்றே அவளுக்குப் பட்டது. நம்பிப் போன மனுஷன்.

சின்னச்சாமி ஒரு கணம் நின்று பார்த்தான். மதினி மறுக்கவில்லை. தொழுவுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தான். செவலை எந்த நாளும்போல அவன் பின்னாலேயே சாதுவாக நடந்து போயிற்று.

பறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு வாய் வந்தது. சட்டென்று எழுந்தாள்.

“செவல... ஐயோ, செவலையக் கொண்டு போறானே... விடுங்கடி...”

நாலு பெண்கள் சேர்ந்து அவளை அமுக்கினார்கள். புருஷனோடு போகிறேன் என்று ஓடுகிற பெண்டாட்டிகளை அவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பேச்சி அவளைக் கட்டிக்கொண்டு, அந்தச் சொல்லையே எடுத்து ராகத்தில் போட்டாள்.

“செவல மாடு தேடுதம்மா, செல்லங்கொஞ்ச ஆளுமில்ல...”

வட்டம் முழுக்க அதை வாங்கிப் பாடியது. அருஞ்சுனை உட்கார்ந்துவிட்டாள். கையை உதறிக்கொண்டு ஓடியிருக்கலாம். மீதியையும் சொல்லி அலறியிருக்கலாம். இரண்டையும் அவள் செய்யவில்லை, செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. பெண்கள் பாடப்பாட அவளும் அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

சின்னச்சாமி திரும்பி வந்து தலையை மழித்துக்கொண்டான். குடத்தைத் தோளில் வாங்கும்போது அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சொன்ன வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வந்தவனின் முகம். பாடை கிளம்பியது. ஆண்கள் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவி, அவளைக் குளிப்பாட்டி, உள்ளே மூலையில் உட்கார வைத்தார்கள். மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

“ஆளுக திரும்புற மட்டும் நீ வாசப்படி தாண்டக் கூடாது,” என்றாள் பேச்சி.

தாண்டவில்லை.

பொழுது சாயும் முன்பு ஆண்கள் கண்மாயில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வந்தார்கள். கரியில் ஓடும் பஸ்ஸில் திருச்சுழிக்கு வந்து, நேராகச் சுடுகாட்டுக்குப் போன சௌடையாச் செட்டியாரும் கூட வந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துத் திரும்பிய ஒருவர் வடகாட்டில் மாடு விழுந்து கிடப்பதைச் சொன்னார். அருஞ்சுனை எழுந்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. மத்தியானம் தாண்ட முடியாத வாசற்படிதான் அது.

செவலை கயிறு இழுபட்ட மட்டுக்கும் போய், கழுத்தை நீட்டி விழுந்திருந்தது. வாயோரம் நுரை. சுற்றிலும் கரிசல் மண்ணைக் கால்கள் உதைத்துக் கீறியிருந்தன. சீக்கிரம் போய்விடும் என்று சொல்வார்களே, அவ்வளவு சீக்கிரம் போகவில்லை போலிருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்ணை மூடப் பார்த்தாள். மாட்டுக் கண் அப்படி மூடாது.

“அண்ணன் போன அன்னைக்கே இதுவும் போயிருச்சே மொதலாளி,” என்று சின்னச்சாமி செட்டியாரைப் பார்த்து அழுதான். சொல்வதற்காகத் தொடங்கிய அழுகைதான், தொடங்கியபின் அவனால் நிறுத்த முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னான்: “தோலு உரிக்க ஆளு கூப்பிட்டு விட்டிருக்கேன் மதினி. சூட்டோட நாளைக்கே கொண்டுபோய்க் காட்டிருவோம்.”

செட்டியார் அருஞ்சுனையைப் பார்த்தார். நோட்டு அவரிடம் இருக்கிறது. இரண்டு மாசமாக அந்தப் பேருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாமல் கிடப்பது இந்தக் கூட்டத்தில் அவளைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எதையோ சொல்லத் தொண்டையைச் செருமினார்.

“உரிக்க வேணாம்,” என்றாள் அருஞ்சுனை. “முழுசாப் பொதச்சிருங்க.”

“என்ன மதினி சொல்றீக? தோலு இல்லாட்டி சங்கத்துல காசு தர மாட்டாகளே!”

“அவுக சொல்லிட்டுப் போனாக. செவலையக் கத்தி படாமப் பொதைக்கணும்னு.”

ஒரே நாளில் சொன்ன இரண்டாவது பொய்; இது புருஷனுக்குச் செய்த துரோகமா, உபகாரமா என்று அவளுக்கே விளங்கவில்லை. பேச்சிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“எங்க மாட்டுக்குக் குடுக்கலன்னு இந்த மனுசன எம்புட்டு ஏசியிருக்கோம். தன் மாட்டுக்கு வேண்டாம்னுட்டுப் போயிட்டாகளே.”

அருஞ்சுனை தலையைக் குனிந்துகொண்டாள்.

செட்டியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தோலு வராத மாட்டுக்கு நோட்டைத் தொறக்க வேண்டியதில்லை. அது சங்கத்து விதி.”

சின்னச்சாமி மாட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மழித்த தலையில் ஈரம் காய்ந்து மண் ஒட்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

“அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி?”

அவன் உட்கார்ந்தே இருந்தான், எழுந்திருக்கக் காணோம்.

யாரோ போய் மண்வெட்டிகள் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரர்கள் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள். காய்ந்த கரிசலில் முதல் நாலைந்து வெட்டு இறங்கவே இல்லை. செட்டியார் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்து, மிச்சமிருந்த மண்வெட்டியை எடுத்தார். நூல் சிட்டம் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை.

“எம்புட்டு ஆழம் தாயி?” என்று கேட்டார்.

“நாய் தோண்டாத ஆழத்துக்கு,” என்றாள்.

அவர் வெட்ட ஆரம்பித்தார்.