சிக்னல் இருக்கும் சார்

மூணு வார்த்தைதான் சொன்னேன். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கியர் சைக்கிள் விற்கிற பெரிய கடையில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பு ஒரு கண்ணாடி அலமாரி. மேடு பள்ளத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளும் ஜிபிஎஸ் கம்ப்யூட்டர்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. போகிற வழி, வேகம், ஏற்றம் எல்லாம் காட்டும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் என்று சொல்லி முதலாளி ஆனந்த்ராஜ் அண்ணன் அந்த அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்த தாள் அத்தனையையும் செமஸ்டர் பரீட்சைக்குப் படிப்பதுபோல் உருப்போட்டேன். எத்தனை அடி தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் தாங்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எது எத்தனை செயற்கைக்கோளைப் பிடிக்கும், எதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓட்டிப் பார்த்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைத் தவிர எந்தச் சைக்கிளிலும் நான் ஏறியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் கேட்டார். "சண்முகவள்ளி, எந்த ஊரும்மா நீ?"

"நாகல் நகர்ண்ணே."

அது கூடப்படித்த நுஸைபா வீட்டு முகவரி. என் ஊர் ஓடைக்கரைப்பட்டி. சிறுமலை அடிவாரத்தில், நத்தம் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த கேள்விதான். எந்த ஊர் என்று கேட்டவர் எவரும் அதோடு நிறுத்தியதில்லை. "அந்த ஊரா, ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். பக்கம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். கல்லூரியில் மூன்று வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் முகம் ஒரு நொடி மாறுவதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு அலுத்துவிட்டது. நாகல் நகர் என்றால் பக்கம் கேட்க மாட்டார்கள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பாஸ்கல் சாரும் அவர் மனைவி நான்சி டீச்சரும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தார்கள். சார் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், ஐம்பதை நெருங்குகிற வயது. டீச்சர் கணக்கு எடுக்கிறவர். சாருக்குச் சர்க்கரை இருக்கிறது. போன வருடம் சைக்கிளில் போகும்போது மயங்கி விழுந்திருக்கிறார். அதிலிருந்து தனியாகப் போகக் கூடாது என்று வீட்டில் சண்டை.

சார் அலமாரியைப் பார்த்ததும் சின்னதாக, தடித்த ரப்பர் உறை போட்டிருந்ததை எடுத்தார். கறுப்பு வெள்ளைத் திரை, பக்கவாட்டில் ஐந்து பட்டன். "இதுதான்ம்மா எனக்கு. மண்ணுல விழுந்து எந்திரிக்கிற ஆளுக்கு இம்புட்டுப் போதும்."

"நல்லதுதான் சார். கையுறை போட்டும் அமுக்கலாம், ஈரக் கையிலயும் அமுக்கலாம். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"வழிய மட்டும் காட்டுனாப் போதும். வண்டி ஓட்டையில சினிமாவா பார்க்கப் போறேன்?"

டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் கெடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவரு எங்கயாச்சும் விழுந்தா எனக்குத் தெரியுமா?"

"அது இதுல வராது டீச்சர்," என்றேன். "அது இதுல இருக்கு." பெரியதை எடுத்தேன். வண்ணத் திரை, தொட்டால் நகரும் மேப். "வண்டி விழுந்த வேகத்த வச்சு இதுவே கண்டுபிடிச்சிரும். முப்பது விநாடிக்குள்ள சார் வேணாம்னு நிறுத்தலைன்னா உங்க போனுக்கு அலர்ட் வந்துரும், எந்த இடம்னு. சும்மா போகும்போதும் சார் எங்க போறாருன்னு ஒரு புள்ளி உங்க போன்ல நகந்துக்கிட்டே இருக்கும்."

"அப்ப இதையே குடு."

"ஏட்டி, நான்தான ஓட்டப் போறேன்?" என்றார் சார்.

"நீங்க ஓட்டுங்க. நான்தான வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஆனந்த்ராஜ் அண்ணன் கல்லாவிலிருந்து சிரித்தார். "டீச்சர் சொல்றதுதான் சார் சரி." பெரியது விற்றால் அவருக்கு நல்லதுதான். ஆனால் பழியை அவர்மேல் போட மாட்டேன். அவருக்கு அடிவாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சார் தன் போனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போகிற வழியை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். திரையில் ஒரு சிவப்புக் கோடு நத்தம் ரோட்டை விட்டுப் பிரிந்து, ஒரு ஊரைத் தொட்டு, ஓடையோரமாக மேலே போனது. ஓடைக்கரைப்பட்டி என்று எழுதியிருந்தது. கோவில் இருந்தது, மேலத்தெரு இருந்தது, நடுத்தெரு இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை. நூற்றுப் பத்து வீடு. ஒன்றுகூட இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

கோடு ஓடைக்கரையில் நேராகப் போனது. போன ஐப்பசி மழையில் கரை அறுந்து ஆளுயரப் பள்ளம் விழுந்த இடத்தின் மேலேயே போனது. மேப்புக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"இந்த ஓடைப் பக்கமெல்லாம் டவர் கெடைக்குமாம்மா?" என்று சார் கேட்டார். "அலர்ட் போன் வழியாத்தான போகும்? உனக்கு அந்தப் பக்கம் தெரியுமா?"

எங்கள் தெருவில் வீட்டுக்குள் போன் எடுக்காது. தண்ணீர்த் தொட்டி ஏணியில் பன்னிரண்டு படி ஏறினால் இரண்டு கோடு வரும். ஓடைக்குள் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. என் பி.எஸ்சி. ரிசல்ட்டையே அந்த ஏணியில் தொங்கிக்கொண்டுதான் பார்த்தேன். அதைச் சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். ஊரைச் சொல்ல வேண்டும். அப்புறம் பக்கம்.

"நான் அந்தப் பக்கம் போனதில்ல சார். ஆனா சிக்னல் இருக்கும் சார்."

டீச்சர் பெட்டியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "நல்லா இரும்மா. இனிமே ஞாயித்துக்கெழம நிம்மதியா பூசைக்குப் போவேன்."

ஞாயிறு எனக்கு விடுமுறை. காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. சார் ஊரைத் தாண்டும்போது என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. அவர் விழுவார் என்று இல்லை. பத்து மணி வரை வாசலுக்கே வரவில்லை. அறுந்த கரையை யோசிக்காமல் இல்லை. சைக்கிள்காரர், பார்த்துப் போவார் என்று சொல்லிக்கொண்டேன்.

இதற்குள் சார் தாண்டிப் போயிருப்பார் என்று பத்து மணிக்குத் தொட்டி ஏணியில் ஏறினேன். கீழே குடத்தோடு நின்ற அம்மா பக்கத்து வீட்டு ஆளிடம், "பாருங்க, எங்க வீட்டுக் கலெக்டரு ஆபீசுக்கு ஏறுது," என்றாள்.

போன் அதிர்ந்தது. ஆனந்த்ராஜ் அண்ணனிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன்.

"எங்கம்மா போன? பாஸ்கல் சாரக் காணோம். காலைல ஆறுக்குப் போன மனுசன். புள்ளி ஏழு மணிக்கே நின்னுருச்சாம்."

"ஏழு மணிக்கேவா? இப்பத்தான் சொல்றீங்க?"

"டீச்சர் இப்பத்தான் கூப்பிட்டுச்சு. விழுந்தா அலர்ட் வரும்னு நீதான சொன்ன? அலர்ட் வரலையே, எங்கயாச்சும் டீ குடிப்பாருன்னு பூசைக்குப் போயிருச்சு. திரும்பி வந்து பார்த்தா புள்ளி அங்கேயே நிக்குது. போன் போகல. ஓடைக்கரைப்பட்டியாம், அது எங்கன இருக்கோ. இனிமே ஆள் தேடிப் பிடிச்சு அனுப்பணும். நீ நாகல் நகர்லயிருந்து கடைக்கு வந்துரு, டீச்சரு கூட இரு."

ஏணிக் கம்பி வெயிலில் சுட்டது. ஒரு விநாடி, சரிண்ணே வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. நிசமாகவே தோன்றியது. போய்த் தேடிவிட்டு, யாரோ ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று ஆக்கிவிடலாம்.

"அண்ணே, நான் ஓடைக்கரைப்பட்டியிலதான் இருக்கேன். எங்க ஊருதான் இது. நான் பார்க்குறேன். நீங்க ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. தண்ணித் தொட்டின்னு கேட்டு வரச் சொல்லுங்க."

அவர் ஏதோ கேட்கத் தொடங்கினார். இறங்கிவிட்டேன்.

அந்த அரசு சைக்கிளில் அம்மா கட்டியிருந்த குடத்தைக் கீழே இறக்கிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

தேடவே இல்லை. எந்த இடம் என்று வெள்ளிக்கிழமையே தெரியும். அறுந்த கரைக்குக் கீழே, பள்ளத்துச் சேற்றில், கரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இடது கணுக்கால் திரும்பிப் போயிருந்தது. உதடு வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் வைத்திருந்த மிட்டாய்த் தாள்கள் காலியாகப் பக்கத்தில் கிடந்தன. சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் உடையவில்லை. சேற்றுத் திரையில் விரல் இழுத்த தடங்கள், மேலும் கீழும், பத்துப் பதினைந்து. அவர் என்னென்னவோ அமுக்கிப் பார்த்திருக்கிறார். ஈரத்தில் அது எதையும் கேட்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஒரே வரி: செய்தி அனுப்பக் காத்திருக்கிறது. மூன்று மணி நேரமாகக் காத்திருந்தது.

அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "கடைப் பொண்ணுதான நீ? டீச்சருக்கு அலர்ட் போயிருச்சா? அவ அனுப்புனாளா?"

அவர் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலேயே அப்பா வந்துவிட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே மலைச்சாமி, கட்டிலத் தூக்கிட்டு வாலே, சார் விழுந்து கெடக்காரு," என்று கத்தினார். நான்கு பேர் சேர்ந்து அவரைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றி எங்கள் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். சாருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சொன்னேன். அம்மா சொம்பில் சீனித் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். அவர் வாங்கத் தயங்குகிறாரா என்று பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் குடுங்கம்மா," என்றார். அந்த நேரத்திலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் தெளிந்ததும் தெருவைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியை, எங்கள் வீட்டை, நைட்டிக்கு மேல் துண்டு போட்டு நின்ற என்னை.

"இதுதான் உன் ஊராம்மா?"

"ஆமா சார்."

"அப்ப ஓடைக்குள்ள டவர் கெடைக்காதுன்னு உனக்குத் தெரியும்?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தெரியும் சார். கரை அறுந்ததும் தெரியும்."

அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில் இருந்தது, வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த பதில். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் திறக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து நான்சி டீச்சர் தனியாகக் கடைக்கு வந்தார். சாருக்குக் கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். டீச்சர் கம்ப்யூட்டரை மேசையில் வைத்தார். சேற்றைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்.

"அவரு திரும்பி ஓட்டத்தான் போறாராம். தடுத்துப் பிரயோசனமில்ல. இதுக்கும் மேல நல்லதா ஒண்ணு இருக்கா? அங்கருந்து அலர்ட் அனுப்புறது?"

அண்ணன் இன்னும் பெரியது ஒன்றை எடுக்கப் போனார்.

"இல்ல டீச்சர்," என்றேன். "இந்தக் கடையில இருக்கிற எதுவும் அந்த ஓடைக்குள்ளருந்து அனுப்பாது. போனுக்கு டவர் இருந்தாத்தான் இதெல்லாம். சார் முதல்ல எடுத்தாரே, அந்தப் பட்டன் வச்சதுதான் சரி. அது சார் எந்த வழியில போனாருன்னு வச்சிருக்கும், வந்த வழியில திருப்பிக் கொண்டாந்து விடும், அம்புட்டுத்தான். எத்தன மணிக்குத் திரும்புவாருன்னு எழுதி வாங்கிக்கங்க. அந்த நேரம் தாண்டுனா அரைமணிகூடக் காத்திருக்காதீங்க. எங்க அப்பா நம்பர் தாரேன். தொட்டிக்கிட்ட இருக்கறப்ப எடுப்பாரு. எடுக்கலைன்னா எங்க ஊர்க் கடைக்காரர் நம்பர்."

டீச்சர் நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"நான் பூசையில முழங்கால் போட்டு நின்னேன். அலர்ட் வரலன்னு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. சின்னக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார். நல்லா இரும்மா என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

அண்ணன் பெரியதை எடுத்து அலமாரியில் வைத்தார். சாவியை என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் எதையோ துடைத்தார். அப்புறம் கேட்டார், நான் இரண்டு வருடமாகத் தப்பித்துக்கொண்டிருந்ததை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஓடைக்கரைப்பட்டின்னு நீ சொல்லவே இல்லையேம்மா. ஊர்ல எந்தப் பக்கம்?"

"காலனிண்ணே. மேப்ல இருக்காது."

அவர் முகம் மாறியதா என்று பார்க்கவில்லை. முதல் தடவையாகப் பார்க்கத் தோன்றவில்லை. என் முகம்தான் சுட்டது, ஆனால் அந்தக் கேள்வியால் இல்லை. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு மனுசன் சேற்றில் உட்கார்ந்து, கேட்காத திரையை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் அரைக் கிலோமீட்டர் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்.