டீச்சர்கள் பர்கர் விற்ற செவ்வாய்க்கிழமை

வேலை அட்டவணையில் செவ்வாய் மாலைக்கு நேரே இருந்த லோர்னாவின் பெயரை அடித்துவிட்டு, மேலே "டீச்சர் நைட்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற கரடி ஒன்றையும் வரைந்து வைத்திருந்தான் மேனேஜர் டுவெய்ன். கரடிதான் அந்த பர்கர் கடையின் சின்னம்.

"ஸ்கூலுக்கு நிதி திரட்டுறாங்க லோர்னா. டீச்சருங்களே வந்து கவுண்டர்ல நிப்பாங்க. விக்கிறதுல ஒரு பங்கு ஸ்கூலுக்கு. அவங்க சம்பளமும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேன், அதான?"

"என்னைக் கடிக்காதீங்க. மேல இருந்து வந்த உத்தரவு."

எவ்வளவு பங்கு என்று கேட்டாள். அது அவனுக்கே தெரியவில்லை.

ஆறு வருஷமாக அங்கே கொதிக்கிற எண்ணெய் முன்னால் நிற்கிறவள் லோர்னா. மகள் டெஸ்ஸா அந்த ஸ்கூலில்தான் மூன்றாம் வகுப்பு. போன வாரம் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, முந்நூறு பிள்ளைகளை ஜிம்மில் உட்கார வைத்து, கடையின் கரடி வேஷக்காரனை ஆடவிட்டார்கள். டீச்சர் நைட்டுக்குக் குடும்பத்தோடு கடைக்கு வரும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டிக்கராம். எட்டு வயதுப் பிள்ளையின் கையாலேயே அம்மாவின் பர்ஸைத் திறக்கிற வித்தை இது. திருடனுக்கு வாசல் திறந்துவிட்டு நன்றியும் சொன்னது பள்ளிக்கூடம்.

"போகலைன்னா என் பேருக்கு மட்டும் ஸ்டிக்கர் இருக்காதும்மா."

"நான் தினம் அங்கதானடி இருக்கேன்."

"அது வேற."

என்ன வேறு என்று லோர்னாவுக்குத் தெரியும். கடைச் சீருடையோடு பள்ளி வாசலுக்கு வராதே என்று சொன்ன பிள்ளை அவள். பெற்றோர் வந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிற நாளுக்கான அழைப்பைக் கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்தவள். இப்போது அவளுடைய டீச்சரே அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள். அதைப் பார்த்த பிறகாவது, அம்மா செய்வதும் ஒரு வேலை என்று பிள்ளைக்குத் தோன்றாதா? அந்த ஒரு ஆசையில்தான் லோர்னா மகளோடு போனாள்.

கடையில் நிற்க இடமில்லை. தலையில் காகிதக் கரடிக் காதுகளோடு டெஸ்ஸாவின் டீச்சர் மிசஸ் ஆப்பிள்கேட் ஒவ்வொரு பர்கரை நீட்டும்போதும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். ஆறு வருஷத்தில் லோர்னாவுக்கு ஒருத்தர் கைதட்டியதில்லை. உருளை வறுவல் ஆறிப்போச்சு என்று முகத்தில் எறிந்துவிட்டுப் போனவன் உண்டு.

அப்போது வறுவல் அடுப்பின் மணி அடித்தது. மிசஸ் ஆப்பிள்கேட் எண்ணெய்க் கூடையை இரண்டு கையாலும் தன் பக்கமாக இழுத்தாள்.

"மிஸ்! அப்படி இழுக்காதீங்க!" லோர்னா எழுந்துவிட்டாள்.

"அம்மா, போகாத. ப்ளீஸ்." டெஸ்ஸா சட்டைக் கையைப் பிடித்தாள். அடுத்த மேஜையில் அவள் வகுப்புப் பிள்ளைகள்.

பிடியை உதறிவிட்டுத்தான் ஓட வேண்டியிருந்தது.

"மேல தூக்கி இந்தக் கொக்கியில மாட்டுங்க. எண்ணெய் வடியட்டும். அப்புறம்தான் கொட்டணும்."

"நல்லவேளை வந்தீங்க, என் கை வெந்திருக்கும்! தினம் எப்படிங்க இதோட மல்லுக்கட்டுறீங்க?"

டுவெய்ன் ஒரு ஜோடிக் காதுகளை எடுத்து லோர்னாவின் தலையில் மாட்டினான். "வந்ததுதான் வந்தீங்க. கூட்டம் குறையிற வரைக்கும் நில்லுங்களேன்."

"சம்பளம்?"

"இன்னைக்கு எல்லாருக்கும் சேவைதானே."

காதுகளைக் கழற்றி அவன் மூஞ்சியில் எறிய இருந்தாள். அப்போதுதான் பார்த்தாள்: டெஸ்ஸா நாற்காலியில் ஏறி நின்று, பக்கத்துப் பிள்ளைக்கு அம்மாவை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மேஜையே கைதட்டியது.

லோர்னா ஒன்றரை மணி நேரம் நின்றாள். காசில்லாமல்.

காரில் ஏறியதும் பின் சீட்டிலிருந்து டெஸ்ஸா முன்னால் எட்டிப் பார்த்தாள். "சூப்பர்மா நீ! அது யாருன்னு பக்கத்துல இருந்த பிரின்லி கேட்டா. என் அம்மான்னு சொன்னேன்."

லோர்னா பின்னால் திரும்பினாள். "சொன்னியா கண்ணு?"

"ம். இங்க வேலை பாக்குறாங்களான்னு கேட்டா. இல்லப்பா, டீச்சருங்க மாதிரி ஸ்கூலுக்காக வந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டா!"

பிள்ளையின் குரலில் துளி கள்ளம் இல்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

"ஆனா அவங்க வீட்ல ஞாயித்துக்கிழமை காலைல இங்கதான் சாப்பிட வருவாங்களாம்." கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கு மட்டும் நீ வெளிய தெரியாம உள்ளயே இருந்துக்கிறியாம்மா?"

லோர்னா சாவியைத் திருகினாள். முதல் தடவை வண்டி கிளம்பவில்லை.

"இருந்துக்கிறேன். பெல்ட்டைப் போடு."