பதில் மனுவின் ஒன்பதாவது பத்தி

சௌந்தரபாண்டியன் சென்னையில் சட்டம் படித்து, பி.எல். பட்டத்தோடு ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டம் வாங்கிய மறுநாளே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டில் போய் நின்றுவிடலாம் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அவனுடைய அப்பா பரமசிவனும் அப்படித்தான் நினைத்தார். விஷயம் அப்படி இல்லை. பல வருஷம் தொழில் பார்த்த ஒரு சீனியர் வக்கீல், 'இவனை என்னிடம் அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் ஒரு வருஷம் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு பரீட்சை. அதற்கும் அப்புறம்தான் கோட்டு. கையெழுத்தான தாள் மாதக் கடைசிக்குள் சென்னைக்குப் போய்ச் சேராவிட்டால் இன்னும் ஒரு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதை அவன் அப்பாவுக்கு மூன்று தடவை விளக்கினான். மூன்று தடவையும் அவர், "அப்ப இம்புட்டு நாளு என்னத்தைத்தாம்ல படிச்சே?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்வது சட்டப் பரீட்சையை விடக் கஷ்டமாக இருந்தது.

சென்னையில் நாலு பேருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினான். ஒருத்தர் மட்டும் டைப் அடித்த இரண்டு வரியில் இடமில்லை என்று பதில் போட்டார். அந்த மட்டுக்கும் பெரிய மனுஷர். மற்ற மூன்று கடிதங்களும் ஆபீஸுக்குப் போனதோ அடுப்புக்குப் போனதோ தெரியாது. திருநெல்வேலியில் மூன்று பேரை நேரில் போய்ப் பார்த்தான். ஒருத்தரிடம் மருமகன் இருந்தார், இன்னொருத்தரிடம் தங்கை மகன் இருந்தார். மூன்றாமவர் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, எந்த ஊர், எந்தத் தெரு, பெண் எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று அரை மணி நேரம் விசாரித்தார். சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "பாப்போம்" என்றார். நம் பக்கத்தில் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சமிருந்தது சங்கரன்கோவில் சிவராமலிங்கம் பிள்ளை ஒருத்தர்தான். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்து, அரை மனதோடு அவருக்கும் எழுதிப் போட்டான். ஐந்தாம் நாள் கார்டு வந்தது. 'நேரில் வரவும்' என்று ஒரே வரி.

அரை மனதுக்குக் காரணம் இருந்தது. சிவராமலிங்கம் பிள்ளை காசிராஜனுடைய வக்கீல். காசிராஜன் பரமசிவனுக்குத் தம்பி முறை, சௌந்தரபாண்டியனுக்குச் சித்தப்பா. மேலநீலிதநல்லூருக்கு மேற்கே, கரிசல் முடிந்து செவல் தொடங்குகிற இடத்தில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக, மாடு கட்டி இறைக்கிற ஒரு கமலைக் கிணறு உண்டு. யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதில் பேச்சு தடித்து, பரமசிவன் பிராது கொடுத்து, காசிராஜன் பதில் மனு போட்டு, கீழ்க்கோர்ட்டில் ஒரு தடவை முடிந்து, அப்பீலில் திரும்பி வந்து, பதினோரு வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது.

முறைத் தகராறு மட்டும் என்றால் பரமசிவன் எப்போதோ ராஜியாகப் போயிருப்பார். அவரைக் கொதிக்க வைத்தது பதில் மனுவின் ஒன்பதாவது பத்தி. காசிராஜன் குடும்பம் தண்ணீர் எடுக்க முடியாதபடி பரமசிவன் செத்த நாயைக் கிணற்றில் போட்டார் என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீருக்குத் தவம் கிடக்கிற பூமியில் ஒருத்தன் மேல் இதைவிடப் பெரிய பழி சொல்ல முடியாது. "தண்ணியில நாயைப் போடுதவனால நான்?" என்று பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகனைச் சட்டம் படிக்க வைத்ததே அந்தக் கேள்விக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

கார்டைக் காட்டினால் அப்பா கிழித்து எறிவார் என்று சௌந்தரபாண்டியன் எதிர்பார்த்தான். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாமியே பாத்து வழி விட்டிருக்குல. சேந்துரு. உள்ள போயி அவன் கேஸ் கட்டு எந்த அலமாரியில இருக்குன்னு மொதல்ல பாரு. என்னென்ன கடுதாசி வச்சிருக்கான்னு வந்து சொல்லு, போதும்" என்றார். பிள்ளையவாளைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று, அவரே புளியங்குடிக்குப் போய் நல்ல எலுமிச்சம்பழமாகப் பொறுக்கி வாங்கி வந்தார். மகனுக்கு அதைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சிவராமலிங்கம் பிள்ளை ஒல்லியான மனிதர். பழத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, கடிதத்தை எடுத்து ஒரு தடவை படித்தார்.

"இங்கிலீஷ் சுத்தமா இருக்கு. தகப்பனார் பேரை மறைக்காம எழுதியிருக்கீரு. பரமசிவன் மகன்தானே?"

"ஆமா சார்."

"நான் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதான் எழுதினீரா?"

"தெரிஞ்சுதான். வேற யாரும் எடுக்கலை."

அந்தப் பதில் பிள்ளைக்குப் பிடித்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். "எனக்கும் ஆள் வேணும். குமாஸ்தாவுக்குக் கண்ணு போயிட்டுது. ஆனா ஒண்ணு, எதிராளி மகனை என் ஆபீஸ்ல வச்சுக்கிடணும்னா என் கட்சிக்காரன் சம்மதம் வேணும். வாய்ச் சம்மதம் ஆகாது, எழுத்துல வேணும். காசிராசன்கிட்ட ரேகை வாங்கிட்டு வாரும். அன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

அவன் வெளியே வந்து கோயில் வாசல் பக்கம் சற்று நேரம் நின்றான். எட்டு வக்கீல்களுக்கு விண்ணப்பம் போட்டது போதாதென்று, கடைசி விண்ணப்பத்தை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சம்சாரியிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதுவும் பதின்மூன்று வயதிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பாவிடம்.

மறுநாள் காலையில் போனான். காசிராஜன் களத்தில் மிளகாய் வற்றலைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் கால் நின்றது. அவர் மனைவி மாரித்தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் வந்த காரியத்தைச் சொன்னான். காசிராஜன் முழுக்கக் கேட்டார்.

"உங்கய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவன் எதுக்கு இதுக்குச் சம்மதிச்சான்?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்களாக நாலைந்து நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் மோரைக் குடித்துவிட்டுப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"உள்ள போயி உங்க கட்டைப் பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு."

காசிராஜன் கோபப்படுவார் என்று அவன் எழுந்திருக்கத் தயாரானான். அவரோ மறுபடி வற்றலைக் கிளற ஆரம்பித்தார். "பாரு. பாத்துட்டு எனக்கும் வந்து சொல்லு. அதுல நான் என்ன சொல்லியிருக்கேன்னு எனக்கே தெரியாது. எல்லாம் இங்கிலீசு. வைன்னாக, ரேகை வச்சேன்."

"பதில் மனு நகல் எங்க வீட்ல இருக்கு சித்தப்பா. எனக்கு மனப்பாடம்."

"அப்ப சொல்லு."

அவன் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னான். எட்டு வரைக்கும் காசிராஜன் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாவதைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாயா? எந்த நாய்?"

"எங்கய்யா கிணத்துல போட்டதா எழுதியிருக்கு."

"நான் அப்படிச் சொல்லலையே மக்கா. மிளகா வாடுது, சித்திரையில ரெண்டு நாளு கூட வேணும்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். எங்கண்ணன் தண்ணியில நாயைப் போடுவானா?" வாசல் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நம்ம அப்படிச் சொன்னமா?" மாரித்தாய் இல்லை என்று தலையாட்டினாள். பதினோரு வருஷமாக எதிரே வரும்போதெல்லாம் பரமசிவன் ஏன் காறித் துப்பிவிட்டுப் போனார் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

காசிராஜன் சொன்னார்: "நீ அங்கன சேரு. எனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா வக்கீலையா நான் சொல்லாத அந்தப் பத்தியை எடுக்கணும். எடுத்தாத்தான் சம்மதம். அதையும் சேத்து எழுது."

சௌந்தரபாண்டியன் தாளைத் தொடையில் வைத்து எழுதினான். சம்மதம் என்பது வரைக்கும் எழுதியதும் பேனா நின்றது. இத்தோடு நிறுத்தினால் இந்த மனிதருக்குத் தெரியப்போவதில்லை. கட்டை விரலை நீட்டச் சொன்னால் நீட்டுவார். நாளைக்கே கையெழுத்து, அடுத்த வருஷம் கோட்டு. தன்னிடமே ரேகை கேட்டு வந்தவன் தன்னை ஏமாற்றுவான் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. இப்படித்தானே அந்த ஒன்பதாவது பத்தியும் எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றியபோது அவனுக்கு உடம்பு கூசியது. மிச்சத்தையும் எழுதினான். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினான். பேனாவை உதறி அவர் பெருவிரலில் மசியைத் தடவி ரேகை வாங்கிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறினான்.

பிள்ளை தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ரெண்டாவது வரியை எழுதாமலே ரேகை வாங்கியிருக்கலாமே."

"வாங்கியிருக்கலாம் சார்."

"பின்ன ஏன் எழுதினீரு?"

"அவரு சொன்னாரு."

பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. "வேய், ரெண்டு நாள் தண்ணி கூட வேணும்னு மட்டும் எழுதினா முன்சீப் அதைப் படிப்பாரா? எல்லா வக்கீலும் ரெண்டு வரி சேத்துத்தான் எழுதுதோம். உம்ம தகப்பனார் வக்கீல் எழுதலையா? அந்தப் பத்தியை இப்ப எடுத்தா மத்தப் பத்தியெல்லாம் பொய்யின்னு ஆயிரும். அவன் கேசை நானே சாய்க்க முடியாது." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு எழுதி ரேகை வாங்கிட்டு வாரும். உம்மை எனக்குப் பிடிச்சிருக்கு. மாசக் கடைசிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

அவன் வெள்ளைத் தாளையும் ரேகை வைத்த தாளையும் எடுத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்களைப் போகவிட்டான். கேட்டால் காசிராஜன் இன்னொரு ரேகையும் வைப்பார், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். நாய் மட்டும் கிணற்றிலேயே கிடக்கும். மூன்றாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, சித்தப்பா வீட்டுப் பக்கம் போகப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் அடுத்த வருஷம் கோர்ட்டில் நிற்பார்கள் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடக்கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் பரமசிவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "கட்டைப் பாத்தியால?" என்றார்.

"பாக்கலை. பாக்கவும் போறதில்ல." நடந்த எல்லாவற்றையும் சொன்னான்.

"அவன் வாயால சொன்னானா, அப்படிச் சொல்லலைன்னு?"

"ரேகையே வச்சிருக்காரு."

"வாசி."

வாசித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மாடு குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தியது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

"இந்த வருசம் போச்சுய்யா" என்றான் அவன்.

பரமசிவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "நம்ம பிராதுல, காசிராசன் எட்டு ஆளோட அருவாளைத் தூக்கிட்டு வந்து கமலைக் கயித்தை அறுத்தான்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கு."

"அவன் வரலைல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம வக்கீல்தான் எழுதினாரு. அவனுக்காவது அவன் வக்கீல் வாசிச்சுக் காட்டலை. எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினாரு. கேட்டுட்டு நான் பேசாம இருந்தேன்."

அருவாளோடு எட்டுப் பேரைச் சௌந்தரபாண்டியன் சிறு வயதில் எத்தனையோ தடவை கனவில் கண்டு பயந்திருக்கிறான்.

பரமசிவன் ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்து, பெருவிரலை மட்டும் தனியாக நீட்டினார்.

"அதையும் எடுக்கணும்னு அவன் ரேகைக்குக் கீழ எழுது. எங்கன வைக்கணும்னு சொல்லு."