ஆறு மரத்துக்கும் ஒரே மேகம்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் கம்பியையும் கிரீஸையும் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மரத்தையும் வானத்தையும் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். அதுவும் ஃபிலிம் கேமராவில், கறுப்பு வெள்ளையில். ஆட்களை எடுக்கமாட்டார். "மனுஷங்க ஆடிக்கிட்டே இருப்பாங்க" என்பார். மரம் மட்டும் என்ன, இவர் சொன்னாரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டா நிற்கிறது?

பதினாலு வருஷமாக எங்கள் குளியலறை பாதி நேரம் அவர் படம் கழுவும் இருட்டறை. படத்தைப் பழுப்பாக்க இரண்டு மருந்து வைத்திருக்கிறார். முதல் தட்டில் போட்டால் படம் வெளுத்து, மரம் இருந்த இடமே தெரியாமல் போய்விடும். இரண்டாவது தட்டில் போட்டால் அதே மரம் நல்ல பழுப்பில் திரும்பி வரும். பார்க்க அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது மருந்து அழுகிய முட்டை மாதிரி நாறும். போன மாதம் மேல்வீட்டுக்காரி, சாக்கடை அடைத்துக்கொண்டதென்று ஆளையே கூட்டிவந்துவிட்டாள். அவன் குழாய் குழாயாக முகர்ந்து பார்த்துவிட்டு, "சாக்கடையில ஒண்ணும் இல்லம்மா, உங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவ்வளவு நாற்றத்துக்கும் ஒரு நாள் பலன் வந்தது. அவர் லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்ட ஆறு படம் கேட்டார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இத்தனை வருஷத்துல இப்பதான் வெளியாளுங்க பாக்கப் போறாங்க. ஒருத்தர் நின்னு பாத்தாப் போதும் எனக்கு" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

மரங்கள் ஆறும் தயார். வானம்தான் காலை வாரிவிட்டது. அந்த மரங்களை எடுத்த நாளிலெல்லாம் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருந்திருக்கிறது. அவரிடம் இருந்த நல்ல வானம் ஒன்றே ஒன்று, அதில் ஒரே ஒரு பெரிய மேகம். மரத்தை அச்சிட்ட காகிதத்தின் மேல்பாதியில் அந்த மேகத்தையும் சேர்த்து அச்சிட்டார். ஒரு படத்துக்கு என்றால் சரி. ஆறுக்கும் அதே மேகம்!

"என்னங்க, கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"ரெண்டுல இடம் வலமா திருப்பிப் போட்டிருக்கேன். பழுப்பும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. பல்வலியில வர்றவன் மேகத்தையா பாத்துக்கிட்டு இருப்பான்?"

பல்வலியில் வருகிறவனுக்கு அங்கே வேறு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

படம் மாட்டிய நாலாம் நாள் என் அக்கா அதே டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனாள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். அக்கா சும்மா இருந்தால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியை எண்ணுகிறவள். அங்கிருந்தே போன் செய்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான் ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏண்டி, ஆறு படத்துலயும் ஒரே மேகம்டி! வாத்து மாதிரி உக்காந்திருக்கு. ரெண்டுல மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. நான் சொன்னதும் இங்க எல்லாரும் ஒரே சிரிப்பு. கன்னம் வீங்கின ஒருத்தர் சிரிக்கவும் முடியாம, அடக்கவும் முடியாம கண்ணுல தண்ணி விட்டுட்டார்!"

கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. நான் போனை அணைப்பதற்குள் அக்கா வாத்து மாதிரி கத்தியும் காட்டிவிட்டாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். தட்டைத் தள்ளிவைக்கிற ஆளை என்ன செய்வது? மறுநாள் காலை, "டாக்டர் கவனிக்கறதுக்குள்ள கழட்டிட்டு வந்துடலாம்" என்றார். படத்தைக் கீழே நின்று வாங்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

அறையில் ஒரே ஒரு அம்மாதான் இருந்தார், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு. இவர் ஸ்டூலில் ஏறி முதல் படத்தில் கைவைத்தார்.

"அதை ஏன் சார் எடுக்கறீங்க?"

"வானம் சரியில்லைங்க."

"வானம் கெடக்கட்டும். அந்த மரம் எங்க இருக்கு? ஏன் ஒரு பக்கமாவே சாஞ்சு வளந்திருக்கு?"

இவர் ஸ்டூலிலேயே திரும்பினார். "ரயில் பாதைக்குப் பக்கத்துலங்க. வண்டி போற காத்து அடிச்சு அடிச்சு அப்படி ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தவர், ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கிளையாகக் காட்டிக்கொண்டே போனார். நர்ஸ் வந்து கூப்பிட்டாள். "இரும்மா, இவர் முடிக்கட்டும்" என்றார் அந்த அம்மா. நர்ஸ் மறுபடி வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் டாக்டரே எட்டிப் பார்த்தார்.

"எதையும் கழட்டிடாதீங்க. நேத்துலேருந்து இங்க வர்றவங்க வாத்து எங்கேன்னுதான் முதல்ல கேக்கறாங்க."

மனுஷனுக்கு அது காதிலேயே விழவில்லை. மூன்றாவது மரத்தில் இருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நாற்றத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், குளியலறை எப்போது காலியாகும் என்று கேட்டிருக்கிறேன். பதினாலு வருஷத்தில் ஒரு மரத்தைப் பற்றிக்கூட நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா பல் பிடுங்க உள்ளே போனதும், கடைசிப் படத்தின் முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க, இந்த மரம் எங்க இருக்கு?"

கிண்டல் செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுக்குப் பின்னாடிதான். நீ துணி காயப்போடுவியே, அந்த மரம்."

கிட்டே போய்ப் பார்த்தேன். கீழ்க்கிளையில் நான் கட்டிய கொடிக்கயிறு, நான் போட்ட முடிச்சோடு இருந்தது.